அத்தியாயம் 5: ஏரியும் தமிழெழுத்தும் தெரிந்த மென்பொருள்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டு நூல்களில் காடு, மலை, ஊர் என்று பரந்த நிலத்தைக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் அறுகோணக் கட்டங்களில் இருக்கும். ஒரு கட்டத்தின் குறுக்களவு ஆறு மைல் என்பது பலரும் கைக்கொள்ளும் வழக்கம். பாத்திரங்கள் ஒரு நாள் முழுக்க நடந்தால் நான்கு கட்டம் தாண்டுவார்கள். இந்தக் கணக்கை நம் ஊரான தாம்பரத்தில் போட்டுப் பாருங்கள். ஆறு மைல் என்பது ஏறத்தாழ 10 கிலோமீட்டர். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். பரங்கிமலை அடுத்த கட்டத்தின் ஓரத்தில் நிற்கும். மென்பொருள் தரும் அளவை அப்படியே ஏற்றுக்கொண்டால், உங்கள் கேம்பெய்ன், அதாவது தொடர் ஆட்டம், முழுவதும் ஓர் அறுகோணத்தை விட்டு வெளியே வராது.

அதனால் எந்த மென்பொருள் சிறந்தது என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, எந்த அளவில், எந்தக் காலத்தை, யாருக்காக வரையப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பரங்கிமலைப் பக்கத்தில் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியை வைத்துக்கொண்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே ஒரு நேர்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீடு அந்த ஒரு கோட்டிலிருந்துதான் கிளம்பியது. வீட்டு மேஜையில் ஆடும் நமக்கும் அதே ஒழுங்கு போதும். தெரிந்த ஒரு தூரத்தை முதலில் கோடாகப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்படும். தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை ரயில் பாதை 10 கிலோமீட்டருக்குச் சற்றே மேல். ஓர் அறுகோணத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் அந்தப் பாதை பத்துப் பன்னிரண்டு கட்டங்களில் விரியும். ஒரு மாலை ஆட்டத்துக்கு அது தாராளம்.

எடுத்துக்காட்டாக ஒரு தாம்பரம்

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: 1937ஆம் ஆண்டுத் தாம்பரம். கேயாசியம் நிறுவனம் 1981ல் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதூலு’ போன்ற மர்ம ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமையாது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931ல் வந்தாயிற்று. டாக்டர் சௌரி முத்து 1928ல் தொடங்கிய காசநோய் சானடோரியம் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் இருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் சுமார் 365 ஏக்கர் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்கிறது. புதிதாக வந்த மாணவர்கள், இருமல் நிற்காத நோயாளிகள், இரவு கடைசி வண்டி, நடுவில் விளக்கில்லாத காடு. இது போதாதென்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த பல்லாவரம் கூப்பிடு தூரத்தில். கதை தன்னால் எழுதிக்கொள்ளும்.

இன்றைய தாம்பரத்தை வைத்தும் ஆடலாம், தடையில்லை. ஆனால் 1937ல் ஒரு வசதி இருக்கிறது: விமானப்படைத் தளம் அப்போது வரவில்லை. இன்றைய ஊரை வரைந்தால் அந்தத் தளத்தின் உள்ளே எட்டிப் பார்க்கிற ஆசை எந்த ஆட்டக்காரருக்கும் வரும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஓடுபாதையையும் கட்டடங்களையும் வரைந்து இணையத்தில் போடுவது தேவையில்லாத வம்பு. இன்றைய காலத்தில் ஆடுகிறவர்கள் மதில்சுவரோடு நிறுத்திக்கொண்டு உள்ளே வெற்றிடமாக விடுங்கள்.

இந்த ஆட்டத்துக்கு மூன்று வகை வரைபடம் தேவைப்படும். வண்டலூரிலிருந்து பரங்கிமலை வரை, முடிச்சூரிலிருந்து பள்ளிக்கரணை வரை காட்டும் வட்டார வரைபடம் ஒன்று. ரயில் நிலையம், கடைத்தெரு, சானடோரியம், கல்லூரி வாசல் இவற்றைத் தெருவோடு காட்டும் ஊர் வரைபடம் ஒன்று. பிறகு, ஆட்டத்தில் கைகலப்பு நடக்கும் இடங்களுக்கு ஐந்தடிக்கு ஒரு சதுரம் போட்ட பேட்டில் மேப். மூன்றையும் ஒரே மென்பொருள் நன்றாகச் செய்யும் என்று விளம்பரம் சொல்லும், நம்பாதீர்கள். வட்டார வரைபடத்தில் கெட்டிக்காரன் அறைக்குள் வந்தால் தடுமாறுவான்.

ஏரி எனும் சோதனை

மென்பொருளைச் சோதிக்க நம் பகுதி ஒரு நல்ல பரீட்சை வைத்திருக்கிறது. அதன் பெயர் ஏரி.

தாம்பரத்துக்குக் கிழக்கே விழும் மழை பெரும்பாலும் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கிப் போகிறது. சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம், அது நிரம்பினால் நன்மங்கலம், அதற்குப் பின் கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் சதுப்பு. அங்கிருந்து ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் விழுவது அடையாற்றுக்கு. ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் நடுவில். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, எந்தத் தெரு எந்தப் பக்கத்துத் தண்ணீருக்குச் சொந்தம் என்பதை எல்லோரும் ஒரே இரவில் கற்றுக்கொண்டார்கள். ஆட்டத்தில் ஒரு வெள்ளக் காட்சி வைக்க நினைத்தால் இந்தச் சங்கிலியை வரைபடத்தில் காட்டியே ஆக வேண்டும்.

இங்கேதான் மென்பொருள்கள் திணறுகின்றன. ஐரோப்பிய ஏரி பள்ளத்தில் தானாகத் தேங்கிய தண்ணீர். அதன் கரை சுற்றிலும் ஒரே மாதிரி வளைந்து நெளிந்திருக்கும். மென்பொருளின் நீர்த் தூரிகை அப்படித்தான் வரையும். நம் ஏரி சரிவில் குறுக்கே போட்ட மண்கரையில் தடுத்து நிறுத்திய தண்ணீர். தாழ்ந்த பக்கம் பிறை போன்ற அழுத்தமான கரை, அதன் மேல் பனைமரங்கள், நடுவில் மதகு, ஒரு கோடியில் கலங்கல். மேட்டுப் பக்கத்திலோ எல்லையே கிடையாது. மழைக்காலத்தில் வயல் வரை பரவும், சித்திரையில் பாதியாகச் சுருங்கும். கரையைச் சுற்றிலும் ஒரே தடிமனில் கோடு போட்டால் அது ஸ்காட்லாந்து.

வரையும் வழி எளிது. நீர்த் தூரிகையால் ஏரியைத் தோராயமாகப் போடுங்கள். தாழ்ந்த பக்கத்தில் தடிமனான பாதைக் கோட்டால் பிறையாகக் கரையை இழுங்கள். மேட்டுப் பக்கத்து ஓரத்தைச் சதுப்பு நிறத்தால் கரைத்துவிடுங்கள். கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்கு மெல்லிய நீலக் கோடு. இதைச் செய்ய மென்பொருளில் மூன்று வசதி வேண்டும்: பாதைக் கோட்டின் தடிமனை மாற்றுவது, நிலத்துக்கு வண்ணம் தீட்டுவது, நீங்களே வரைந்த சின்னங்களைச் சேர்ப்பது.

மூன்றாவதை வலியுறுத்திச் சொல்கிறேன். எந்த மென்பொருளோடும் வரும் சின்னங்களில் பைன் மரம் நூறு வகை இருக்கும், பனைமரம் இருந்தால் அதிர்ஷ்டம். கோட்டை, காற்றாலை, கல்லறை எல்லாம் கிடைக்கும். கோபுரமும் அய்யனார் குதிரையும் மதகும் கிடைக்காது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் வரைந்து, போனில் படமெடுத்து, பின்னணியை நீக்கி, பி.என்.ஜி. கோப்பாக வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் சின்னம். பத்துப் பதினைந்து சின்னம் போதும். சொந்தச் சின்னத்தை ஏற்காத மென்பொருள், எவ்வளவு அழகாக இருந்தாலும், நம் ஊருக்கு உதவாது.

அடுத்த சோதனை: கொளப்பாக்கம்

ஒரு மென்பொருளை வாங்குவதற்கு முன், அதில் எழுதப்பட்ட தமிழைப் பார்த்துவிடுங்கள். எழுதிப் பார்க்க வேண்டிய ஊர்ப் பெயர்களையும் நம் பகுதியே தருகிறது: கொளப்பாக்கம், சேலையூர், மேடவாக்கம், வேங்கைவாசல், கோவிலம்பாக்கம். கொம்பும் துணைக்காலும் நிறைந்த பெயர்கள். இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் சேலையூரின் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். கொளப்பாக்கத்தில் புள்ளி வட்டங்கள் தோன்றும். எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் மணிக்கணக்கில் தேடுவார்கள். கோளாறு எழுத்துருவில் இல்லை, மென்பொருளின் அடியில் ஓடும் எஞ்சினில் இருக்கிறது.

வரைபடக்காரர்கள் மிகவும் விரும்பும் வொண்டர்ட்ராஃப்ட், டஞ்சன்ட்ராஃப்ட் இரண்டும் கோடோ என்ற கேம் எஞ்சினில் எழுதப்பட்டவை. அந்த எஞ்சினின் மூன்றாம் பதிப்பு வரை எழுத்துகளைக் கோக்கும் இந்த வசதி இல்லை. 2023ல் வந்த நான்காம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஆகவே இந்த இரண்டிலும் தமிழை நேரடியாக எழுதும் திட்டத்தோடு பணம் கட்டாதீர்கள். இரண்டு மாற்றுவழி உண்டு.

நான் பரிந்துரைப்பது முதலாவது. பெயர்கள் இல்லாத வரைபடத்தைப் படமாக வெளியே எடுத்து, இன்க்ஸ்கேப் அல்லது கிம்ப்பில் திறந்து, அங்கே பெயர்களை எழுதுவது. இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் பிசிறில்லாமல் வரும். பெயர்களைத் தனி லேயரில் வைத்தால், ஆட்டக்காரர்களுக்கு ஒரு படமும் ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கு ரகசியக் குறிப்புகளோடு இன்னொரு படமும் ஒரே கோப்பிலிருந்து எடுக்கலாம்.

இரண்டாவது, டி.டி.பி. கடைக்காரர்களின் பழைய வித்தை. பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் கொம்பு ஒரு தனி எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சாகும், எஞ்சின் எதையும் கோக்க வேண்டியதில்லை. யூனிகோடில் எழுதியதை என்.எச்.எம். கன்வெர்ட்டரில் பாமினிக்கு மாற்றி ஒட்டினால் முடிந்தது. அழகு சற்றுக் குறைவு, வேலை நடக்கும்.

எழுத்துருத் தேர்வைப் பற்றி ஒரு சொல். நோட்டோ சான்ஸ் தமிழ் எதிலும் தெளிவாக இருக்கும், ஆனால் ரேஷன் அட்டையின் வாடை வரும். 1937 வரைபடத்துக்குக் கவிவனாரின் சாய்ந்த கையெழுத்துத் தோற்றம் நன்றாகப் பொருந்துகிறது. மீரா இனிமையும் பார்க்கலாம். எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை.

கடையில் என்ன இருக்கிறது

வட்டார வரைபடத்துக்கு என் ஓட்டு வொண்டர்ட்ராஃப்டுக்கு. ஒரே தடவை சுமார் 30 டாலர், அதற்குப் பிறகு கட்டணம் கிடையாது. இணையம் இல்லாமல் ஓடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவலாம். சொந்தச் சின்னங்களை ஒரு ஃபோல்டரில் போட்டால் எடுத்துக்கொள்ளும். வேறொரு படத்தைக் கீழே வைத்து அதன் மேல் வரையும் வசதியும் அறுகோணக் கட்டமும் உண்டு. நாம் பார்த்த ஏரிக்கரையை இதில் ஒரு மணி நேரத்தில் வரைந்துவிடலாம்.

இன்கார்னேட் பிரௌசரிலேயே வேலை செய்கிறது. இலவசக் கணக்கில் தொடங்கலாம் என்பதால் பெரும்பாலோர் இங்கேதான் முதலில் வருகிறார்கள், வருவதில் தவறில்லை. இலவசத்தில் சின்னங்கள் குறைவு, படத்தின் அளவுக்கும் வரம்பு உண்டு, அந்த வரைபடத்தை விற்கவும் கூடாது. கட்டணக் கணக்கு ஆண்டுச் சந்தா. அதில் சொந்தச் சின்னங்களை ஏற்றலாம், படமும் பெரிதாகக் கிடைக்கும். பார்வைக்கு மயக்கும் மென்பொருள் இது. ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, கேபிள் அறுந்து, இணையம் இரண்டு நாள் வராத ஐப்பசியில் இன்கார்னேட்டும் வராது.

அஸ்கார் உருவாக்கிய ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டர் முற்றிலும் இலவசம். ஒரு பொத்தானில் கண்டம், நாடுகள், நதிகள், மதங்கள் வரை உருவாக்கித் தரும். கற்பனை உலகத்துக்கு அற்புதம். தாம்பரத்துக்குப் பயனில்லை. அதன் நதிகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இயற்கையாக ஓடுகின்றன, மனிதர் கரை கட்டி நிறுத்திய தண்ணீரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வடாபூவின் நகர ஜெனரேட்டரும் அப்படியே. மதில் சூழ்ந்த ஐரோப்பிய நகரத்தை ஒரு நொடியில் தரும். கோயிலைச் சுற்றி மாடவீதி, மாடவீதியை ஒட்டிக் குளம் என்று வளர்ந்த மாடம்பாக்கமோ, ரயில் பாதையை ஒட்டி நீண்டுகொண்டே போன குரோம்பேட்டையோ அதில் வராது.

கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர் என்ற பழைய ஜாம்பவான் உண்டு. விண்டோஸில் மட்டும் ஓடும். கேட் மென்பொருளின் உடம்பில் வரைபடத்தின் உயிர். ஆட்டோகேட் பழகிய சிவில் டிப்ளமோக்காரர் உங்கள் குழுவில் இருந்தால் அவருக்கு இதைக் கொடுங்கள், அளவு பிசகாமல் வரைந்து தருவார். மற்றவர்கள் இதன் அருகில் போக வேண்டாம். அடிப்படை மென்பொருளுக்கு மேல் துணைத் தொகுப்புகளுக்கும் தனித்தனியாகக் காசு.

ஊர் வரைபடத்துக்கு நான் எந்த ரோல்பிளேயிங் மென்பொருளையும் சொல்ல மாட்டேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கும்போது எதற்கு? அதன் தளத்தில் தாம்பரத்தைப் பெரிதாக்கி, பகிர் பொத்தானை அழுத்தினால் எஸ்.வி.ஜி. கோப்பாகக் கிடைக்கும். இன்க்ஸ்கேப்பில் திறந்தால் ஒவ்வொரு தெருவும் தனித் தனிக் கோடு. 1937க்குப் போக வேண்டுமானால் அழிக்கத் தொடங்குங்கள்: மேம்பாலங்கள், அடுக்குமாடிகள், புறவழிச்சாலை, கிளாம்பாக்கம் பேருந்து முனையம். ரயில் பாதை, பழைய டிரங்க் ரோடு, ஏரிகள், கோயில்கள், கல்லூரி எல்லை எஞ்சும். பழைய ஏரிகளின் இருப்பை அறிய அமெரிக்க ராணுவ வரைபடச் சேவை 1950களில் வெளியிட்ட யு 502 வரிசைத் தாள்களைப் பாருங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் என்பதால் தெரு தெரியாது, நீலத் திட்டுகளாக ஏரிகள் தெரியும். இந்திய நில அளவைத் துறையும் 1:50,000 அளவுத் தாள்களைத் தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. 

இரவல் வரைபடத்தில் ஆடுவது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். 1974ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதன்முதலில் வந்தபோது, வெளிப்புறப் பயணங்களுக்கு ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற வேறொரு நிறுவனத்தின் விளையாட்டுப் பலகையை வைத்துக்கொள்ளும்படி அதன் விதிநூலே சொன்னது.

பேட்டில் மேப்புக்கு வந்தால் டஞ்சன்ட்ராஃப்ட். வொண்டர்ட்ராஃப்டை எழுதியவருடையதே, ஒரே தடவை சுமார் 20 டாலர். சுவர், கதவு, ஜன்னல், கூரை, விளக்கு எல்லாம் இழுத்து விட்டால் போதும். சானடோரியத்தின் வார்டு இதில் நன்றாக வரும். காற்றும் வெயிலுமே மருந்து என்று நம்பிய காலம் என்பதால் சுற்றிலும் திறந்த தாழ்வாரம் வையுங்கள், ஒரு பக்கம் சுவரே வேண்டாம். ஆட்டத்துக்கும் அது நல்லது. எதிரி எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே வரலாம். ஃபவுண்ட்ரி என்ற இணைய மேஜையில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு லாபம்: சுவரும் விளக்கும் எங்கே இருக்கின்றன என்ற தகவலும் கோப்போடு சேர்ந்து போகும். இருட்டில் நிற்கும் பாத்திரத்துக்கு இருட்டுதான் தெரியும்.

அவசரத்துக்கு டஞ்சன் ஸ்க்ரால். பிரௌசரில் திறந்து, கறுப்புக் கோடு, வெள்ளைத் தரை என்று ஐந்து நிமிடத்தில் ஒரு நிலவறையை முடித்துவிடலாம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டம், மூன்றரைக்குத்தான் யோசனை வந்தது என்றால் இதைவிட நல்ல துணை கிடையாது. டஞ்சன் ஆல்கெமிஸ்ட் முப்பரிமாணத்தில் அறையை இழுத்தால் மேஜை நாற்காலியைத் தானே நிரப்பும். பார்க்கக் கண்கொள்ளாது. நிரப்புவது ஐரோப்பிய மதுக்கூடத்து மேஜைகளை. நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும்.

லேப்டாப்பும் வங்கி அட்டையும்

கல்லூரி மாணவர்கள் நிறைந்த குழுக்களில் அரசு தந்த பழைய லேப்டாப் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அப்படிக் குறைந்த ரேம் உள்ள கணினியில் டஞ்சன் ஆல்கெமிஸ்டை எண்ணியும் பார்க்க வேண்டாம். பெரிய வொண்டர்ட்ராஃப்ட் வரைபடமும் மூச்சு வாங்கும். படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். இன்க்ஸ்கேப், டஞ்சன் ஸ்க்ரால் இரண்டும் பெரும்பாலும் தாங்கும். குழுவில் ஒருவரிடம் மட்டும் நல்ல கணினி இருந்தால் வரைகிற வேலையை அவரிடம் தள்ளிவிடுங்கள். டிஎம்மே வரைய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பணம் கட்டும்போது கவனிக்க வேண்டியது வேறு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபருக்குப் பின் தரப்படும் அட்டைகள் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை மூடிய நிலையில்தான் வரும். வங்கிச் செயலிக்குள் போய்த் திறக்க வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களுக்கு இ-மேண்டேட் என்ற முன் ஒப்புதல் தேவை. பல வெளிநாட்டுச் சிறு நிறுவனங்கள் அந்த ஏற்பாட்டைச் செய்யாததால் இரண்டாம் ஆண்டுப் புதுப்பித்தல் தோல்வியடைவது சகஜம். கேம்பெய்னின் நடுவில் கணக்கு இலவச நிலைக்கு இறங்கிவிட்டால் எரிச்சல். ஒரே தடவை கட்டணம் வாங்கும் மென்பொருளை நான் தூக்கிப் பிடிப்பதற்கு இது பெரிய காரணம். டாலர் விலையோடு வங்கியின் மாற்றுக் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்டீமில் இருப்பவற்றுக்கு ரூபாயில் விலை போட்டிருக்கும், யு.பி.ஐ.யும் ஏற்கும், பண்டிகைத் தள்ளுபடியும் வரும். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு லாபம்.

தாளில் எடுப்பது

மேஜையில் பொம்மைகளை வைத்து ஆடுவதானால் ஒரு சதுரம் ஓர் அங்குலம். ஏ4 தாளில் ஏழுக்குப் பத்துச் சதுரம்தான் கொள்ளும், ஓர் அறைக்கு மேல் அடங்காது. ஏ3 தாளில் ஓரம் போக பத்துக்குப் பதினைந்து கிடைக்கும். அதாவது ஐம்பதுக்கு எழுபத்தைந்து அடி. வார்டு அடங்கிவிடும். ரயில் நிலைய நடைமேடைச் சண்டைக்கு ஏ0 தேவை. கட்டட வரைபடம் எடுக்கும் பிளாட்டர் கடைகளில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் செலவு குறைவு. பொறியியல் கல்லூரிகளும் பில்டர் அலுவலகங்களும் நிறைந்த நம் பகுதியில் அப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை.

வண்ணத்தில் பெரிதாக வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸ் கடை. சதுர அடிக் கணக்கில் விலை, சுருட்டி வைக்கலாம், டீ கொட்டினாலும் துடைத்துவிடலாம். பிறந்தநாள் பேனருக்கு வந்தவர் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டு உங்கள் சானடோரியத்தின் மேல் பலூன் வைக்கலாமா என்று கேட்பார். மறுத்துவிடுங்கள். முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரமும் தேர்தல் நேரமும் தவிர்க்கவும், அப்போது உங்கள் வேலை வரிசையின் கடைசிக்குப் போகும். கோப்பைக் கொடுக்கும்போது அங்குல அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் ‘பிட்டாக’ இழுத்து அடித்துவிடுவார்கள், சதுரம் செவ்வகமாகிவிடும்.

அச்சுக்கு ஒரு சதுரத்துக்கு 150 பிக்சல் தாராளம், ஏ3க்கு 2250 க்கு 1500 என்று வரும். ரோல்20 போன்ற இணைய மேஜைக்கு ஒரு சதுரத்துக்கு 70 பிக்சல் போதும். அதற்கு மேல் போனால் மொபைல் டேட்டாவில் ஆடும் நண்பருக்குப் படம் வருவதற்குள் சண்டை முடிந்திருக்கும்.

வெளியிடும் எண்ணம் இருந்தால்

வீட்டு மேஜைக்குள் இருக்கும் வரை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. உங்கள் தாம்பரக் கதையை மின்நூலாக விற்க நினைத்தால் மட்டும் சில விஷயங்கள். கூகுள் மேப்பின் மேல் தாள் வைத்து வரைந்ததை விற்க அவர்களது விதிகள் இடம் தருவதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இடம் தருகிறது, அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி சொல்லும் வரி வரைபடத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாடு முழுவதையோ இந்தியாவையோ காட்டும் சிறு உள்படம் போட்டால் நாட்டின் வெளி எல்லை நில அளவைத் துறையின் படத்தோடு ஒத்திருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதில் தவறுவது குற்றம். எனவே உள்படமே போடாதீர்கள். சானடோரியம், கல்லூரி போன்ற உண்மையான நிறுவனங்களை வைத்துப் பேய்க்கதை விற்பதைவிட, பெயரை மாற்றி, இடத்தை ஓர் ஏரி தள்ளி வைப்பது பண்பாடு.

முதல் கேம்பெய்னுக்கு ஒரு பைசாவும் செலவழிக்காதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், இன்க்ஸ்கேப், டஞ்சன் ஸ்க்ரால் மூன்றிலேயே ஆடி முடியுங்கள். ஆட்டம் நிலைத்து நின்றால் டஞ்சன்ட்ராஃப்டை முதலில் வாங்குங்கள், வொண்டர்ட்ராஃப்டை அடுத்த தீபாவளிக்கு வைத்துக்கொள்ளலாம்.